டிரிப்பர் விழுந்த பின்னும் சுற்றிய விசிறி

எங்கள் வீட்டு மின்சாரப் பெட்டி வாசல் கதவுக்குப் பின்னால் இருக்கிறது. கதவை வேகமாகத் திறந்தால் அது போய்ப் பெட்டியில் இடிக்கும். அதனால் வீட்டுக்கு யார் வந்தாலும் மதீஹா சொல்லும் முதல் வார்த்தை, "கதவ மெதுவா." ஸலாம் அதற்கு அப்புறம்தான்.

மதீஹா என் ஓரகத்தி. என் கணவர் முன்திரின் அண்ணன் கஸ்வானின் மனைவி. கீழ்வீட்டில் அவர்கள் இருவரும் மாமனார் ஹஜ்ஜி லஃப்தாவும். மாடியில் நானும் முன்திரும். மதீஹாவுக்கு இரண்டு பெண்கள், இருவருக்கும் கல்யாணம் ஆகிவிட்டது. மூத்தவள் பெயர் ஜினான் என்பதால் தெருவே மதீஹாவை உம் ஜினான், ஜினானின் தாய் என்று கூப்பிடும். எனக்குப் பிள்ளை இல்லை. பிள்ளை இல்லாதவளையும் பஸ்ராவில் சும்மா விடமாட்டார்கள். உம் காயிப் என்று, இன்னும் வந்து சேராத ஒரு பிள்ளைக்குத் தாயாக்கிவிடுவார்கள். வீட்டில் அப்படிக் கூப்பிடாத ஒரே ஆள் மதீஹாதான்.

அவள் பிறந்த வீடு ஸுபைரில். அவளுக்கு இப்திசாம் என்று ஒரு அக்கா இருந்தாள். ஒரு கோடையில், வெள்ளிக்கிழமை மத்தியானம், முற்றத்தைக் கழுவி முடித்த அக்கா வெறுங்காலோடு போய் ஏர்கூலரின் தகரக் கதவைச் சாத்தினாள். மதீஹா அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அக்காவின் கை கதவிலேயே இருந்தது. விளையாடுகிறாள் என்று மதீஹா சிரித்தாளாம். அதை மட்டும் எப்போது சொன்னாலும் ரொம்பத் தாழ்ந்த குரலில்தான் சொல்வாள்.

அந்த வீட்டுப் பெட்டியிலும், ஆபத்தென்றால் தானே விழுந்து மின்சாரத்தை நிறுத்தும் டிரிப்பர்கள் இருந்தன. ஒன்றுகூட விழவில்லை. துக்கத்துக்கு வந்தவர்கள் விதி என்றார்கள், அல்லாஹ் எழுதிய நாள் என்றார்கள். டிரிப்பர் ஏன் விழவில்லை என்று மதீஹா கேட்டதற்கு மாமன் ஒருவர் அவளை உள்ளே போகச் சொன்னார். மூன்று நாள் துக்கம் முடிந்ததும் அந்தக் கூலரை யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. துடைத்து, சந்தைக்கு ஏற்றிப் போய் விற்றுவிட்டார்கள். அதன் இடது பக்கத்தில் பந்து பட்டு ஒரு நெளிவு இருந்ததாம். இன்றைக்கும் மதீஹாவோடு தெருவில் நடந்தால், வீடுகளின் ஜன்னல்களில் தொங்கும் பழைய கூலர்களின் இடது பக்கத்தை அவள் கண் தொட்டுவிட்டுத்தான் வரும். அந்தத் தகரமெல்லாம் எப்போதோ துருப்பிடித்து உதிர்ந்திருக்கும். அது அவளுக்கும் தெரியும்.

டிரிப்பர் ஏன் விழவில்லை என்பதை அவள் பிற்பாடு தானாகவே தெரிந்துகொண்டாள். கல்யாணமாகி வந்த புதிதில் இந்த வீட்டுக்குக் கம்பி மாற்ற வந்தவர்களிடம் டீ கொண்டுபோகும் சாக்கில் கேட்டுக் கேட்டு. பெட்டியில் வரிசையாக இருக்கும் சின்ன டிரிப்பர்கள் சுமை கூடினால்தான் விழும், கம்பி சூடாகி எரியாமல் இருப்பதற்காக. ஒரு ஆளைக் கொல்ல அவ்வளவு மின்சாரம் வேண்டாம். ஒரு சின்ன பல்பு எரிகிற அளவில் பாதிகூட வேண்டாம். அதை அந்த டிரிப்பர்கள் கண்டுகொள்வதே இல்லை. போன மின்சாரம் முழுசாகத் திரும்பி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கும் வேறு ஒரு டிரிப்பர் உண்டு. கொஞ்சம் குறைந்தாலும், எங்கேயோ தரையில் கசிகிறது, யார் உடம்பிலோ போகிறது என்று சட்டென விழுந்துவிடும். "அதெல்லாம் கம்பியக் காப்பாத்தும், இது ஆளக் காப்பாத்தும்" என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தாள். எனக்குப் புரிந்த பாடங்களில் அது ஒன்று.

இரண்டாவது பெண் பிறந்தபோது கஸ்வான் அவளுக்கு ஒரு ஜோடித் தோடு வாங்கித் தருவதாகச் சொன்னார். தோடு வேண்டாம், அந்தக் கசிவு டிரிப்பர் வேண்டும் என்றாள். குழந்தை பார்க்க வந்த பெண்கள், மற்றவள் காதில் தொங்கவிடுவதை இவள் சுவரில் தொங்கவிட்டிருக்கிறாள் என்று சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து தெருவில் அவளுக்கு மின்சார மந்திரி என்று பெயர். அரசு மின்சாரத்தை வத்தனியா என்போம். அது போனால் தெரு ஜெனரேட்டர் வரும். இரண்டுமே இல்லாத நேரங்களில் எதிர்வீட்டுக்காரி மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "மந்திரியம்மா, எங்க பக்கமும் கொஞ்சம் கண்ணத் திறக்கக் கூடாதா?" என்பாள். மதீஹா கையை விரித்துக் காட்டுவாள்.

அந்த டிரிப்பரில் சோதனைக்கென்று ஒரு சின்னப் பொத்தான் உண்டு. மாதம் பிறந்ததும் மதீஹா வாசலில் நின்று, "விழப்போகுது, யாரும் திட்டாதீங்க" என்று குரல் கொடுத்துவிட்டு அதை அமுக்குவாள். டக்கென்று நெம்பு கீழே விழும். கூடத்து விசிறி மெல்ல நிற்கும். அவள் முகத்தில் ஒரு நிம்மதி வரும். திரும்ப ஏற்றிவிடுவாள். வீட்டில் எல்லோரும் திட்டுவோம். அது ஒரு வழக்கமாகிவிட்டது.

போன வசந்தத்தில் ஹஜ்ஜிக்குப் பக்கவாதம் வந்தது. இடது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சில் ஒரே ஒரு வார்த்தைதான் மிஞ்சியது: லா. வேண்டாம், இல்லை, கூடாது, எல்லாவற்றுக்கும் எங்கள் மொழியில் அந்த ஒரு சொல்தான். ஹஜ்ஜி சரி என்பதற்கும் அதைத்தான் சொன்னார். டீ வேண்டுமா என்றால் லா என்பார், கொடுத்தால் கடைசிச் சொட்டுவரை குடிப்பார். பேத்திகள் வந்து கன்னத்தில் முத்தமிட்டால் கண் கலங்கி லா, லா என்பார். கொஞ்ச நாளில் நாங்கள் அந்த வார்த்தையைக் காதில் வாங்குவதையே விட்டுவிட்டோம்.

கோடை தொடங்கியதும் அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. கஸ்வான் துறைமுகப் பட்டறையில் வேலை செய்பவர், கையில் வேலை உண்டு. மொட்டை மாடியில் இருந்த ஏர்கூலரை இறக்கி, அப்பாவின் அறை ஜன்னல் கம்பிகளோடு சேர்த்துக் கட்டினார். இரும்புக் கட்டிலை ஜன்னலோடு ஒட்டிப் போட்டார். காற்று நேரே நெஞ்சில் படும். ஹஜ்ஜி கண்ணை மூடித் தூங்கினார்.

அன்றிலிருந்து கசிவு டிரிப்பர் விழத் தொடங்கியது. கூலர் ஓட ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில், வைக்கோல் திண்டுகள் நன்றாக நனைந்த பிறகு விழும். வீடு முழுவதும் அணைந்துவிடும். ஹஜ்ஜியின் மூச்சு விசில் போல் கேட்க ஆரம்பிக்கும். யாராவது ஓடிப்போய் ஏற்றுவார்கள். மறுபடி விழும். கூலர் கசிகிறது, அதை நிறுத்துங்கள் என்று மதீஹா சொன்னாள். கஸ்வான் ஸத்தாரைக் கூட்டி வந்தார். ஸத்தார் எங்கள் பகுதியில் மின்வேலை பார்ப்பவர். கூலரை நிறுத்தி, திறந்து, காயவைத்து, உள்ளே எல்லாம் பார்த்துவிட்டு மறுபடி போட்டார். ஒன்றும் விழவில்லை. கூலரில் குறை இல்லை, பழைய டிரிப்பர் தளர்ந்துவிட்டது, கிழவனுக்கு மூக்கு ஒழுகுவது மாதிரி என்று சொல்லி டீயைக் குடித்துவிட்டுப் போனார். காய்ந்த கூலரைச் சோதித்தால் எப்படித் தெரியும் என்று மதீஹா என்னிடம்தான் கேட்டாள், அவரிடம் கேட்கவில்லை.

சில நாள் கழித்து கஸ்வான் புது டிரிப்பர் ஒன்றை வாங்கி வந்து மாட்டினார். பெட்டியின் மஞ்சளடைந்த மூடிக்குள் அது மட்டும் பளீரென்று வெள்ளையாகத் தெரிந்தது. முதல் இரண்டு நாள் அதுவும் விழுந்தது. அப்புறம் விழவே இல்லை. மதீஹா சந்தோஷத்தில் பேரீச்சை வைத்துக் கிலேச்சா சுட்டாள். ஸத்தார் சொன்னது சரிதான் போல, நான்தான் வீணாகப் பயந்தேன் என்று கணவருக்கு முன்னால் ஒப்புக்கொண்டாள். கஸ்வான் கிலேச்சாவைத் தின்றுகொண்டே தலையை ஆட்டினார். அவர் பெட்டியின் பக்கம் பார்க்கவில்லை. அது எனக்கு அப்போதே ஒரு மாதிரி இருந்தது. அதற்குமேல் நான் எதுவும் நினைக்கவில்லை.

ஹஜ்ஜிக்கு மத்தியானச் சோறு ஊட்டுவது என் வேலை. ஒருநாள் மதீஹா அடுப்படியில் வெண்டைக்காய்க் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். நான் தட்டோடு உள்ளே போனேன். ஹஜ்ஜியின் கன்னத்தில் ஒரு ஈ உட்கார்ந்திருந்தது. அவருக்கு வலது கை நன்றாக வரும். ஈ என்றால் அவருக்கு ஆகாது. படுத்த பிறகும் ஒரு ஈயை விட்டதில்லை. அன்றைக்கு அது கண்ணோரம்வரை ஊர்ந்து போயிற்று. அவர் கையை எடுக்கவில்லை. அந்த வெக்கையிலும் வலது கையைப் போர்வைக்குள் மார்போடு இறுக்கி வைத்திருந்தார்.

வலது பக்கம்தான் ஜன்னல். நான் போர்வையை விலக்கி அவர் கையை மெல்ல எடுத்துக் கட்டிலின் ஓரமாக நீட்டினேன். "லா" என்றார். மறுபடியும், "லா." கை என் பிடியிலிருந்து உருவிக்கொண்டு உள்ளே போயிற்று. அவர் என்னைப் பார்க்கவில்லை, ஜன்னல் கம்பியையே பார்த்தார். நான் ரப்பர் செருப்பு போட்டிருந்தேன். விரலின் பின்பக்கத்தைக் கம்பியில் வைத்தேன். எறும்புக் கூட்டம் ஏறுவது போல் இருந்தது. அந்தக் கம்பியை ஒட்டித்தான் அவர் தலைமாட்டு இரும்பு இருந்தது. நடுவில் கட்டைவிரல் அகலம் இடைவெளி.

அடுப்படிக்குப் போய் மதீஹாவிடம் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்தாள்.

"இருக்காது. இருந்தா டிரிப்பர் விழணுமே. புதுசு வேற."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். மாதம் இன்னும் பிறக்கவில்லை, யாரையும் எச்சரிக்கவும் இல்லை. பொத்தானை அமுக்கினாள். டக்கென்று நெம்பு கீழே விழுந்தது. மதீஹா வழக்கம் போல நிமிர்ந்து கூடத்து விசிறியைப் பார்த்தாள்.

விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

நெம்பை ஏற்றிவிட்டு மறுபடி அமுக்கினாள். மறுபடி விழுந்தது. விசிறி அதே வேகத்தில் சுற்றியது. உள்ளே கூலர் இரைந்துகொண்டிருந்தது. வத்தனியாவுக்கும் ஜெனரேட்டருக்கும் மாற்றும் பெரிய கைப்பிடியைப் பிடித்து, இரண்டுக்கும் நடுவில் கொண்டுவந்து நிறுத்தினாள். அப்போதுதான் வீடு அடங்கியது.

அடுப்படிக் கத்தியின் நுனியால் பெட்டி மூடியின் திருகாணிகளைக் கழற்றினாள். புது டிரிப்பருக்கு மேலே இரண்டு கம்பிகள் வந்து சேர்ந்திருந்தன. கீழே ஒன்றுமே இல்லை. வீட்டுக்குப் போகும் கம்பிகளை அதிலிருந்து கழற்றி, மேலே வரும் கம்பிகளோடு நேராக முறுக்கி, கறுப்பு டேப் சுற்றியிருந்தது. டிரிப்பர் தன் பாட்டுக்கு விழுந்து எழுந்துகொண்டிருந்தது. வீட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. மதீஹா டேப்பை விரலால் தடவிப் பார்த்தாள்.

"நல்லாத்தான் சுத்தியிருக்காரு. ஸத்தாரோட கை இல்ல இது. இவரோட கை."

நாங்கள் இருவரும் கட்டிலை இழுத்து அறை நடுவில் போட்டோம். போர்வையை நனைத்து ஹஜ்ஜியின் மேல் விரித்தோம். பிறகு மதீஹா பெட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டாள். எழுந்து சாப்பிடக்கூட வரவில்லை. உள்ளே மாமனாரின் மூச்சு ஏறிக்கொண்டே போனது. ஒவ்வொரு மூச்சுக்கும் அவள் தோள் சுருங்குவதைப் பார்த்தேன். கூலரை மட்டும் பிடுங்கிவிட்டு விசிறியைப் போடலாமே என்று கேட்டேன். டேப் சுற்றிய கம்பியில் இந்த வீட்டில் இனி ஒரு பல்புகூட எரியாது என்றாள்.

ஆண்கள் வேலையிலிருந்து வந்தார்கள். முன்திர் வாசலிலேயே இருட்டையும் அவளையும் பார்த்துவிட்டு, மந்திரி வேலைநிறுத்தமா என்று கேட்டார். யாரும் சிரிக்கவில்லை. கஸ்வான் திறந்திருந்த பெட்டியைப் பார்த்தார். செருப்பைக் கழற்றாமலே அப்பாவின் அறைக்குப் போய், கட்டில் நகர்ந்திருப்பதையும் நனைந்த போர்வையையும் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"யாபா மூச்சு விடுறது உனக்குக் கேக்குதா?"

"கேக்குது."

"கேட்டுக்கிட்டேதான் உக்காந்திருக்கியா?"

"அவரு கைய நீங்க பாத்தீங்களா?"

கஸ்வானுக்கு அது புரியவில்லை. அவர் வேறு கோபத்தில் இருந்தார். புது டிரிப்பரும் பழையது போலவே விழுந்துகொண்டே இருந்தது, ஒவ்வொரு முறை விழும்போதும் அப்பாவுக்கு நெஞ்சு அடைத்தது, தான் என்ன செய்திருக்க வேண்டும் என்று கேட்டார். பெட்டியில் இன்னும் ஐந்து டிரிப்பர் இருக்கிறது, அது போதாதா என்றார். இந்தத் தெருவில் எந்த வீட்டில் இந்தக் கசிவு டிரிப்பர் இருக்கிறது, எல்லோரும் உயிரோடு இல்லையா என்றார்.

"எங்க வீட்லயும் எல்லாரும் உயிரோடதான் இருந்தாங்க," என்றாள் மதீஹா. "அன்னிக்கு மத்தியானம் வரைக்கும்."

கஸ்வான் பதிலுக்கு, செத்துப்போன ஒருத்தியை வைத்து உயிரோடு இருக்கிறவரைக் கொல்லப் பார்க்கிறாயா என்று கேட்டுவிட்டார். முன்திர் அவர் தோளைத் தொட்டார். கஸ்வான் அந்தக் கையைத் தட்டிவிட்டு, இப்போதே நிரூபிக்கிறேன் என்று சட்டைப் பையிலிருந்து டெஸ்டர் திருப்புளியை எடுத்தார். மதீஹா பெட்டிக்கு முன்னாலிருந்து எழுந்தாள். அவரே போய்க் கைப்பிடியைத் தள்ளினார். விசிறி அசைந்தது, கூலர் இரையத் தொடங்கியது. நாங்கள் எல்லோரும் ஹஜ்ஜியின் அறைக்குப் போனோம். வைக்கோல் இன்னும் ஈரமாகத்தான் இருந்தது.

கஸ்வான் திருப்புளியின் நுனியை ஜன்னல் கம்பியில் வைத்து, கட்டைவிரலை அதன் தலையில் அழுத்தினார். மேற்கு வெயில் அறை முழுவதும் இருந்தது. அந்த வெளிச்சத்தில் டெஸ்டருக்குள் இருக்கும் குட்டி விளக்கு எரிவதாகத் தெரியவில்லை. "பாத்தியா?" என்றார். மதீஹா தன் உள்ளங்கையைக் குவித்துக் காட்டினாள். அவர் மற்றக் கையால் டெஸ்டரைப் பொத்தி, அந்தப் பொத்தலுக்குள் ஒரு கண்ணால் பார்த்தார்.

வெகுநேரம் பார்த்தார். கம்பியின் இன்னொரு இடத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு தலைமாட்டு இரும்பு முதலில் இருந்த இடத்துக்கு நேராக, அப்பாவின் கை எட்டும் உயரத்தில் வைத்துப் பார்த்தார். முன்திர் குனிந்து தானும் பார்க்க வந்தார். கஸ்வான் கையை விலக்கவில்லை.

நான் அப்போதுதான் சொன்னேன். மாமா ரொம்ப நாளாகவே அந்தப் பக்கம் கை நீட்டுவதில்லை போலிருக்கிறது, இன்றைக்குத்தான் கவனித்தேன் என்று. எவ்வளவு நாளாக என்று கஸ்வான் என்னிடம் கேட்கவில்லை. அப்பாவிடம் திரும்பிக் கேட்டார்.

"யாபா, இது உங்களக் கடிச்சுதா?"

"லா," என்றார் ஹஜ்ஜி. அவர் கண்ணிலிருந்து நீர் காதுப் பக்கமாக வழிந்தது.

கஸ்வான் வெளியே போய்க் கைப்பிடியை நடுவுக்கு இழுத்தார். பெட்டி முன்னால் நின்று டேப்பைப் பிரித்தார். பிரிக்கப் பிரிக்க அது வந்துகொண்டே இருந்தது, அவ்வளவு சுற்றியிருந்தார். கம்பிகளை டிரிப்பரின் கீழே கொண்டுபோய்ச் சொருகித் திருகினார். மதீஹா விளக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். முடித்ததும் அவர் விலகி நின்றார். மதீஹா கைப்பிடியை ஏற்றிப் பொத்தானை அமுக்கினாள். விசிறி நின்றது. அவள் முகத்தில் வழக்கமாக வரும் நிம்மதி அன்றைக்கு வரவில்லை.

கூலர் இல்லாமல் அந்த இரவை ஹஜ்ஜி தாண்டினார். தாண்டினார் என்பதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. நான்கு பேரும் முறை வைத்து ஓலை விசிறியால் வீசினோம்.

மறுநாள் கஸ்வான் கூலரை அவிழ்த்து வாசலில் வைத்தார். தண்ணீர் ஏற்றும் மோட்டாரின் ஒயர் தகரத்தின் ஓரத்தில் உரசி உரசித் தோல் போயிருந்தது. நனைந்தால் கசியும், காய்ந்தால் கசியாது. பழைய சாமான் வாங்குகிறவனின் வண்டி தெருமுனையில் ஒலிபெருக்கியோடு வருவது கேட்டது. இதைக் கொடுத்துவிட்டுப் புதுசு வாங்கிவிடலாம், ஓடுகிற கூலர் என்று சொன்னால் இரும்பு எடைக்கு மேலே ஏதாவது தருவான் என்றார் கஸ்வான். சொல்லிவிட்டு முகம் கழுவ உள்ளே போனார்.

மதீஹா அடுப்படியிலிருந்து இறைச்சி வெட்டும் கத்தியை எடுத்து வந்தாள். மோட்டார் ஒயரை அடியோடு அறுத்தாள். பிளக்கை அறுத்தாள். பிறகு கத்தியின் முதுகால் மோட்டாரை அடிக்க ஆரம்பித்தாள். வண்டிக்காரன் நிறுத்திவிட்டுப் பார்த்தான்.

"அம்மா, அப்படியே குடுத்தா நான் சரி பண்ணி வித்திருப்பேன்ல?"

"அதுக்குத்தான் அடிக்கிறேன்," என்றாள்.

கஸ்வான் நனைந்த முகத்தோடு வாசலுக்கு வந்து நின்றார். தடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, அவள் கையிலிருந்து கத்தியை வாங்கி, மிச்சத்தை அவர் அடித்தார். அடித்து முடித்ததும் மதீஹா கூலரைச் சுற்றி வந்து அதன் இடது பக்கத்தை ஒருமுறை பார்த்தாள்.

இப்போது பிளாஸ்டிக் உடம்பு உள்ள கூலர் எதிர் ஜன்னலில் இருக்கிறது. அதற்கு எர்த்துக்கென்று மூன்றாவது கம்பி இழுத்து, இலந்தை மரத்தடியில் ஒரு இரும்புக் கோலை அடித்து இறக்கி அதோடு சேர்த்திருக்கிறார்கள். அந்த இடத்துக்கு மதீஹா தினமும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுகிறாள். கடலிலிருந்து ஈரக் காற்று வீசும் நாட்களில் கசிவு டிரிப்பர் சில நேரம் காரணம் தெரியாமல் விழுகிறது. கஸ்வான் எழுந்து போய் ஏற்றுகிறார். அவர்கள் இருவருக்கும் நடுவில் பேச்சு முன்போல் இல்லை. சோறு, மருந்து, மகள்கள் பற்றி மட்டும் பேசிக்கொள்கிறார்கள்.

கட்டில் பழைய இடத்துக்கே திரும்பிவிட்டது, ஜன்னல் கம்பியில் இப்போது கசிவு இல்லை. கஸ்வான் அப்பாவுக்கு எதிரில் தன் கையை வைத்து எத்தனையோ முறை காட்டிவிட்டார். ஹஜ்ஜியின் வலது கை போர்வைக்குள்ளேயே இருக்கிறது. மாதம் பிறந்து மதீஹா பொத்தானை அமுக்கும்போது, கூலர் ஓய்ந்து விசிறி நின்று வீடு முழுவதும் சத்தம் அடங்கும்போது மட்டும், அந்தக் கை மெல்ல வெளியே வருகிறது. கம்பியைப் பிடித்துக்கொள்கிறது. அறை வாசலிலிருந்து நான் அதைப் பார்த்துவிட்டு மதீஹாவிடம் சொன்னேன்.

அதிலிருந்து அவள் நெம்பை உடனே ஏற்றுவதில்லை. பெட்டி முன்னால் கையை வைத்துக்கொண்டு நிற்கிறாள். நான் தலையசைத்த பிறகுதான் ஏற்றுகிறாள். முதல் இரைச்சல் கேட்டதும் கை உள்ளே போய்விடுகிறது.